வருங்காலப் பயணிகள்

சீகெஹுண்டி விமான நிலையத்தில் கடைசியாக வந்து இறங்கியது ஒரு மயில். அதற்கு முன்னால் விமானமும் வந்துகொண்டிருந்ததுதான். அது நின்று பதினோரு மாதம் ஆகிறது. மயில் வாரத்துக்கு இரண்டு முறை தவறாமல் வருகிறது. ஓடுதளத்தின் நடுக்கோட்டில் இறங்கி, நாலு எட்டு வைத்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, வரவேற்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் கிளம்பிவிடும். மாத அறிக்கையில் 'வான்வழி வருகை: எட்டு' என்று போடுவார்கள். எட்டும் மயில் என்று போட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அந்தப் படிவத்தை நிரப்புவது மோகனப்ரியா. பதவி, பயணியர் சேவை உதவியாளர். வகை, ஒப்பந்தம். மார்டள்ளியில் மக்காச்சோளமும் ராகியும் போடும் கெம்பையன் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள். வாங்கிய டிகிரியை லேமினேட் செய்து அப்பா சுவரில் மாட்டிவிட்டார்; வேலைக்கு மனுப் போடும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கித்தான் நகல் எடுக்க வேண்டும்.

ஒப்பந்தம் என்றால் பதினோரு மாதம். முடிந்ததும் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்துவார்கள். மறுநாள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் கோர்ட்டுக்குப் போய்விடக் கூடாது பாருங்கள், அதற்காக. அந்த ஒரு நாளைக்கு அவள் நாற்காலியைக் கூட எழுதிக் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். மூன்று தடவை ஒப்படைத்து மூன்று தடவை வாங்கியிருக்கிறாள். மூன்றாவது தடவை திரும்பி வந்தது வேறு நாற்காலி. ஒரு கால் குட்டை.

இந்த வருஷம் நிரந்தர ஆணை வந்தே தீர வேண்டும். தங்கை பி.யூ.சி. முடித்துவிட்டாள். கெம்பையன் ஃபோனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"உனக்கு பர்மனென்ட்டு ஆச்சுன்னா சின்னவளும் மைசூருக்கு வந்து படிக்கட்டும் அம்மிணி. ரெண்டு பேரும் ஒரே ரூம்புல இருந்துக்கங்க. ஆகலைன்னா நீயும் மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துரு. சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு எதுக்கு அத்தனை தூரம்? நம்ம சோளக்காடு பத்தாதா?"

"சும்மா உக்காரலீங்கப்பா. பயணிக்காகக் காத்துக்கிட்டிருக்கறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மாநில அரசுக்குச் சொந்தமான காவேரி வட்டார விமான நிலையக் கழகத்துக்கு மொத்தம் ஐந்து விமான நிலையங்கள். ஒன்றில் கட்டடம் உண்டு, ஓடுதளம் இல்லை. ஒன்றில் ஓடுதளம் உண்டு, போக ரோடு இல்லை. ஒன்றுக்கு அடிக்கல் மூன்று முறை நாட்டியாகிவிட்டது. கல் மட்டும் நன்றாக ஊன்றி நிற்கிறது. இன்னொன்று எங்கே இருக்கிறது என்று ஒரு கமிட்டி விசாரித்துக்கொண்டிருக்கிறது. கட்டடமும் ஓடுதளமும் ரோடும் ஒருசேர இருப்பது சீகெஹுண்டியில்தான். ஆகவே கழகத்தின் பெருமை சீகெஹுண்டி.

தலைமை அலுவலகம் மைசூர் விஜயநகரில், ஒரு வீட்டின் மாடியில். நிர்வாக இயக்குநருக்குப் படுக்கையறை. நிதிப் பிரிவு சமையலறையில். அரிசி டப்பா வைக்கும் அலமாரியில் கடன் கோப்புகள்.

நிர்வாக இயக்குநர் யக்ஞநாராயணன் மூன்று தலைமுறையாக மைசூர்க்காரர். தாத்தா ரயில்வே, அப்பா சாலைத் துறை, இவர் விமானம். குடும்பம் மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருப்பதாக அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்பவர்களும் சிரிக்க வேண்டும், அவர் நிரந்தரம்.

போன ஆடியில் எல்லாரையும் அந்த மாடிக்கு வரச் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து சுஹாஸ் என்று ஒரு ஆலோசகர் வந்திருந்தான். முப்பது வயது இருக்கும். ஹாலில் திரை கட்டி, படம் போட்டு, கழகத்தை மறுசீரமைக்கப் போவதாகச் சொன்னான்.

"நோடி, இங்க பாருங்க, ஒரு கம்பெனியா இருந்தா எல்லாப் பிரச்சினையும் ஒரே இடத்துல இருக்கும். மூணா உடைச்சா பிரச்சினை மூணுல ஒரு பங்கா ஆயிடும். ஒண்ணு, ஓடுதளக் கம்பெனி. பழைய கடன் பூரா அதுக்கு. ஏன்னா ஓடுதளம்தான் அதிக வெயிட் தாங்கற மாதிரி டிசைன் பண்ணது. ரெண்டு, கட்டடக் கம்பெனி. சொத்து பூரா அதுக்கு. மூணு..." அவன் நிறுத்தினான். திரையில் சூரியன் உதித்தது. "வருங்காலக் கம்பெனி. வரப்போற பயணிங்க பூரா அதுக்கு. அவங்களை அடமானம் வெச்சுப் புதுக் கடன் வாங்கறோம்."

மோகனப்ரியாவுக்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்கத் தெரியாது. "சார், பயணிங்கதான் வர்றதில்லையே?"

சுஹாஸ் அவளைப் பரிவோடு பார்த்தான். "அதுதான் மேடம் இத்தனை நாள் நாம பண்ண தப்பு. பயணிங்களை நம்பி இருந்தோம். பயணிங்க வரலாம், வராமலும் போகலாம். ரிஸ்க்கு. ஆனா வருங்காலப் பயணிங்க இதுவரைக்கும் ஒருத்தர்கூட வராம இருந்ததில்லை. ஏன்னா அவங்க வரவேண்டிய நாளே இன்னும் வரலை."

ஹாலில் கைதட்டல். சமையலறையிலிருந்தும் கேட்டது.

மூன்று கம்பெனிக்கும் மூன்று நிர்வாக இயக்குநர்கள் வேண்டும். அரசு புதிதாக ஆள் போடாது. யக்ஞநாராயணனே மூன்றையும் பார்த்துக்கொள்ளட்டும், கூடுதல் பொறுப்பாக, என்று ஆணை வந்தது. அதில் தவறில்லை. ஆனால் சட்டப்படி மூன்றும் வேறு வேறு கம்பெனி. ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள முடியாது, கடிதம்தான். ஓடுதள யக்ஞநாராயணன் நீல மையில் எழுதினார்: உங்கள் கட்டடத்தின் நிழல் தினமும் மாலை என் ஓடுதளத்தில் விழுகிறது, வாடகை அனுப்பவும். கட்டட யக்ஞநாராயணன் கறுப்பு மையில் பதில் எழுதினார்: நிழல் இலவசமாகத் தரப்படும் வசதி, நன்றி சொல்வதற்குப் பதில் வாடகை கேட்பது நாகரிகமன்று. நீலம் ஒரு நினைவூட்டல் போட்டது. கறுப்பு அதைக் கோப்பில் வைத்துக் கிடப்பில் போட்டது. கடைசியில் வருங்கால யக்ஞநாராயணன் பச்சை மையில் இருவரையும் சமாதானப் பேச்சுக்கு அழைத்தார். தேதி ஒத்துவரவில்லை; இருவருக்கும் அன்றைக்கு வேறு வேலை இருந்தது. கறுப்பு மைக் கடிதத்தின் தொனி மனதைப் புண்படுத்திவிட்டது என்று சொல்லி ஓடுதள யக்ஞநாராயணன் இரண்டு நாள் விடுப்பில் போனதைக் கீழ்வீட்டு ஓனரே பார்த்தார்.

இதற்கு நடுவே ஊழியர் பட்டியல் போட்டார்கள். பிரிவினை நாளன்று எந்தக் கம்பெனிப் பட்டியலிலாவது பெயர் இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் இல்லை. மோகனப்ரியா படுக்கையறை வாசலில் நின்றாள்.

"சார், நான் எந்தக் கம்பெனி?"

யக்ஞநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். "கட்டடத்துல உக்காந்திருக்கே. ஆனா கட்டடத்துக்கு நீ எதுவும் பண்றதில்லை. ஓடுதளத்துப் பக்கம் போறதேயில்லை. நீ பயணியர் சேவை, அல்லவா? பயணிங்க எங்க இருக்காங்க?"

"எங்கயும் இல்லை சார்."

"வருங்காலத்துல இருக்காங்கம்மா! அப்போ நீ வருங்காலக் கம்பெனி. ஆனா சும்மா சேர்க்க முடியாது. கடன் கொடுக்கறவங்க வருங்காலப் பயணிங்களைப் பேரோட கேக்கறாங்க. மூவாயிரம் பேர்கிட்ட பயண விருப்பக் கடிதம் வாங்கிட்டு வா. உன் பேரைப் பச்சை மையில நானே எழுதறேன்."

மூவாயிரம் பேர். விஜயநகரில் வீடு வீடாகப் போய்க் கேட்டதில், எங்களிடம் கார் இருக்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு பென்ஷன்காரர் மட்டும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, படிவத்தில் இருந்த இலக்கணப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. நாலாம் நாள் அவள் சொந்த ஊருக்குப் போகக் கொள்ளேகால் பஸ் ஏறினாள்.

மார்டள்ளியில் கூட்டம் சேர எந்நேரமும் ஆள் உண்டு. கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் படிவத்தை விரித்தாள். கெம்பையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்தப் பிளேனு எங்க போவுதுங்க அம்மிணி?"

"அது எழுதலீங்கப்பா. போக விருப்பம்னு சொன்னா போதும்."

"எங்கன்னு தெரியாம எப்புடி விருப்பம்?"

"அப்பா, உங்களுக்குப் போற ஊரு ஒண்ணு இருக்கும் இல்ல, அதை நெனச்சுக்கிட்டுப் போடுங்க."

வரிசையில் இரண்டாவதாக நின்ற ராமக்காள் அவளுக்கு அத்தை முறை. எழுபத்தொரு வயது. "பாலாத்துப் பாலத்துல நிக்குமா கண்ணு? என்ற மவ வூடு அங்கதான்."

"நிக்காதுங்கத்தை."

"டிரைவருகிட்டச் சொன்னாக்கூட நிறுத்தமாட்டானா? அப்புடி என்ன அவசரம் அவனுக்கு?"

பின்னாலிருந்து ஒருவர், "ஆட்டுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்றார். இன்னொருவர், காலையில் கொள்ளேகாலுக்கு ஒரு பஸ் கூடுதலாக விடச் சொல்லிப் பதினாலு வருஷமாக மனுக் கொடுக்கிறோம், பஸ்ஸைக் கேட்டால் பிளேன் விடுகிற அரசாங்கத்திடம் அடுத்து எதைக் கேட்டால் பஸ் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மோகனப்ரியாவுக்கு வரவில்லை. "இப்போதைக்கு விமானம் கிடையாது. வந்தாலும் வரும். பிடிச்சாப் போடுங்க" என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் போட்டார்கள். அம்மா மாதேவி பக்கத்து மூன்று ஊர்களுக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். "எம்புள்ளைக்கு வேலை ஆவோணும், ஒரு கையெழுத்துப் போடுங்க சாமி" என்று கேட்டாள். விமானத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

மூவாயிரத்து நாற்பது. சுஹாஸ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நாலு தடவை பறப்பார்கள். முப்பது வருஷம். ராமக்காள் நூற்றியோரு வயது வரை பறப்பாள், அதிலும் கடைசிப் பத்து வருஷம் அடிக்கடி. பத்து வருஷத்தில் மார்டள்ளிப் பயணிகளின் எண்ணிக்கை மாவட்ட மக்கள்தொகையைத் தாண்டிவிடும்.

"இது எப்படி சார்?" என்றாள் மோகனப்ரியா.

"குறைச்சுத்தான் போட்டிருக்கோம் மேடம். ஓவரா காட்டினா நம்பமாட்டாங்க."

அவள் பெயர் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. பச்சை மை தீர்ந்திருந்தது. புதுப் பேனா வாங்கக் கட்டடக் கம்பெனியின் அனுமதி வேண்டும். கறுப்பு மை இன்னும் கோபமாக இருந்தது.

பிறகு மும்பையிலிருந்து கடிதம் வந்தது. கடன் தரப்போகும் நிறுவனம், பயணிகளை நேரில் பார்க்க வேண்டும் என்றது. ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்க வேண்டும். ஒரு பஸ் அளவு ஆள் போதும். அடுத்த வெள்ளிக்கிழமை.

யக்ஞநாராயணன் தன் பரிவாரத்தோடு சீகெஹுண்டிக்கே வந்து கூட்டம் போட்டார். "பயணிங்க இருக்காங்க. கட்டடம் இருக்கு. ஓடுதளம் இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் குறை. சின்ன விஷயம்."

"விமானம் நம்ம சொத்துக் கணக்குலயே வராது சார்," என்றான் சுஹாஸ். "விமான நிலையத்தைப் பொறுத்தவரை விமானம் ஒரு வாடிக்கையாளர். கடைக்கு வாடிக்கையாளர் வரலைன்னா கடை இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆனா ஏறி இறங்கறதைப் பாக்கணுங்கறாங்களே!"

மூலையில் ரவிக்குமார் நின்றுகொண்டிருந்தார். விமானத்தோடு ஒட்டி வைக்கும் ஏணிகளை டிராக்டரில் இழுப்பவர். அவரும் ஒப்பந்தம், ஒன்பது வருஷத்தில் ஒன்பது தடவை நிறுத்தப்பட்டவர். அவருக்கு எரிச்சல். "ரெண்டு ஏணியையும் எதிரெதிரா ஒட்டி வெச்சிடலாம் சார். இந்தப் பக்கம் ஏறட்டும், அந்தப் பக்கம் இறங்கட்டும். நடுவுல பிளேன் எதுக்கு?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. யக்ஞநாராயணன் எழுந்து வந்து ரவிக்குமாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இந்தக் கழகத்தில் கிண்டலாகச் சொல்வது ஒன்றுதான் உடனே தீர்மானமாகும்.

வெள்ளிக்கிழமை காலை மார்டள்ளி பஸ் வந்து நின்றது. ஐம்பத்துநாலு பேர். சும்மா வரச் சொன்னால் சும்மா வருகிற ஜனமா அது? போகிற இடம் தெரியாததால் எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார்கள். புளி, ராகி மாவு, கம்பளி, ஒரு கூடையில் சேவல். கெம்பையன் வெள்ளை வேட்டியில், வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு வந்தார். மகளை ஆபீஸில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. குட்டைக் கால் நாற்காலியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

மும்பை நிறுவனத்திலிருந்து வந்தவள் பிரதிபா. நாற்பது வயது, காட்டன் புடவை, கையில் ஒரு அட்டை வைத்த படிவம். மைசூரிலேயே படித்தவள், தமிழும் கன்னடமும் பேச வரும்.

ஓடுதளத்துப் பக்கம் போகிற கண்ணாடிக் கதவும், திரும்பி வருகிற கண்ணாடிக் கதவும் மோகனப்ரியாவின் நுழைவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். ஆள் நுழைந்ததும் தானே சாத்திக்கொள்ளும். அவள் திறந்துவிட்டாள். ஒலிபெருக்கியில் மூன்று மொழியில் அறிவித்தாள். வெயிலில் இரண்டு ஏணிகள் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றன, நடுவில் ஆகாயம். மார்டள்ளி ஜனம் வரிசையாக ஏறியது, மேலே ஒரு எட்டு வைத்தது, இறங்கியது. ஏறும்போது 'புறப்பாடு' என்று ஒரு கோடு. இறங்கும்போது 'வருகை' என்று ஒரு கோடு. ஒரே ஆள் இரண்டு பயணி. சேவலுக்குக் கூடைச் சீட்டுக் கட்டினார்கள். அது ஏணி உச்சியில் ஒரு தடவை கூவியது.

"பயண நேரம் நாலு செகண்டு," என்று சுஹாஸ் விளக்கினான். "தாமதம் சைபர். நாட்டுல எந்த விமான நிலையமும் இதைக் காட்ட முடியாது மேடம்."

ராமக்காள் உச்சியில் நின்றுவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. "ஊரு வந்துருச்சா கண்ணு?"

"வந்துருச்சு, இறங்குங்கத்தை," என்று மோகனப்ரியா கையைப் பிடித்தாள். இதுவரை அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

கெம்பையன் உச்சியில் நின்று நாலு திசையும் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீழே நின்ற யக்ஞநாராயணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏனுங்க சார், பிளேனு எங்கீங்க?"

"நீங்க இறங்கியே ஆச்சு சார். ஸ்மூத் லாண்டிங். தெரியவே இல்லை பாருங்க!"

கெம்பையன் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

கடைசியில் எல்லாரும் கட்டடத்துக்குள் திரும்பியதும் பிரதிபா படிவத்தை மோகனப்ரியாவிடம் நீட்டினாள். பயணியர் சேவை அதிகாரி நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய சான்று. புறப்பாடு, ஐம்பத்துநாலு. வருகை, ஐம்பத்துநாலு. மூன்றாவது வரி, விமானத்தின் வகை. யக்ஞநாராயணன் அவள் காதுக்குக் கிட்டே வந்து, "சிறிய ரகம்னு போடும்மா. உன் ஆர்டர் என் சட்டைப் பையில ரெடியா இருக்கு," என்றார். தொட்டும் காட்டினார்.

தங்கை. ஒரே ரூம்பு. குட்டைக் கால் நாற்காலி. எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. அப்பா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. அவள் எழுதினாள்: 'விமானம் இல்லை. ஏணி மட்டும்.' கையெழுத்தை முழுப் பெயராகப் போட்டாள்.

பிரதிபா படித்தாள். மறுபடி படித்தாள். யக்ஞநாராயணன் தூணைப் பிடித்துக்கொண்டார். சுஹாஸ் லேப்டாப்பை மூடினான். பிரதிபா தள்ளிப் போய் மும்பைக்கு ஃபோன் போட்டுப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"பதினஞ்சு வருஷமா விமான நிலையங்களுக்குக் கடன் கொடுத்துட்டிருக்கோம். எல்லாம் மூழ்கிச்சு. எதனாலன்னு இன்னைக்குத்தான் புரியுது. விமானத்தால! பெட்ரோல் விலை ஏறுது, மூடுபனி வருது, பைலட்டு லீவு போடறான், இன்ஜின்ல பறவை மோதுது. எங்க கிரெடிட் கமிட்டி பயப்படற எல்லாமே விமானத்தோட வர்றதுதான். இங்க அந்த ரிஸ்க்கையே எடுத்துட்டீங்க. நீங்க இதை மறைச்சிருந்தா நான் நிராகரிச்சிருப்பேன். எழுதிக் கொடுத்திருக்காங்க பாருங்க, அது கவர்னென்ஸ்!" மோகனப்ரியாவின் கையைக் குலுக்கினாள். "மத்த நாலு இடத்துலயும் இதையே பண்ணுங்க. ஓடுதளம் இல்லாத ஊருல ஓடுதளமே வேண்டாம். ஏணி வாங்குங்க. கடன் சாங்ஷன்."

யக்ஞநாராயணன் தூணை விட்டார். அங்கேயே, எல்லார் முன்னாலும், சட்டைப் பையிலிருந்து இரண்டு உறைகளை எடுத்தார். ஒன்று மோகனப்ரியாவுக்கு, ஒன்று ரவிக்குமாருக்கு. "இந்தக் கழகம் உழைப்பை மறக்காது. உண்மையை நாங்க எப்பவும் ஆதரிச்சிருக்கோம், நமக்குச் சாதகமா இருக்கறப்போ. இன்னைலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் நிரந்தரம்!"

மார்டள்ளி ஜனம் கைதட்டியது. மோகனப்ரியா உறையைப் பிரித்துப் படித்தாள். அவள் வீட்டில் ஒரு காகிதத்தை முழுக்கப் படிக்கிற முதல் ஆள் அவள்தான். சின்ன எழுத்தையும் விடமாட்டாள்.

"சார், 'வருங்காலக் கம்பெனியின் முதல் விமானம் தரையிறங்கும் நாளிலிருந்து அமலுக்கு வரும்'னு போட்டிருக்கே?"

"ஆமாம்மா. நீ வருங்காலக் கம்பெனி. வருங்காலம் வந்தாத்தானே நீ வர முடியும்?"

"அதுவரைக்கும் சம்பளம்?"

"நிரந்தர ஊழியருக்கு ஒப்பந்தச் சம்பளம் கொடுத்தா ஆடிட்ல மாட்டிப்போம். சட்டம்."

"விமானமே வேண்டாம்னுதானே சார் இப்போ கடன் வாங்கியிருக்கீங்க?"

அவர் யோசித்தார். மூன்று பேராகவும் யோசித்துப் பார்த்ததுபோல் இருந்தது. "வேலை நிரந்தரம்மா. ஆரம்பிக்கறதுதான் கொஞ்சம் லேட். அட்ஜஸ்ட் மாடிக்கோ. சரி சரி, முதல்ல ஃபோட்டோ! ஏணி மேல நின்னு எடுக்கணும். கதவைத் திற."

மோகனப்ரியா அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தாள். யக்ஞநாராயணன், சுஹாஸ், பிரதிபா மூன்று பேரும் ஓடுதளத்துப் பக்கம் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. அவள் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் படித்தாள். ஆணை கைக்கு வந்த நிமிஷமே இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. அதன் பின் தடைசெய்யப்பட்ட கதவுகளை இயக்குவது குற்றம். நுழைவு அட்டையை உறையிலிட்டு விஜயநகர் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், நேரில் யாரிடமும் கொடுக்கக் கூடாது.

"ரவிண்ணா, இப்போ நான் கதவைத் திறந்தது குற்றமாம்."

"தெரியாமத்தானம்மா பண்ணினே? இனிமே பண்ணாதே," என்றார் ரவிக்குமார். அவர் டிராக்டர் சாவியை ஏற்கெனவே உறைக்குள் போட்டிருந்தார்.

அவள் அட்டையை உறையில் போட்டாள். முகவரியை நிறுத்தி நிதானமாக மூன்று வரியில் எழுதினாள். வாசலில் இருந்த தபால் பெட்டியில் போட்டாள். அன்றைய தபால் எடுத்துப் போயாகிவிட்டது. அடுத்து எடுப்பது சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது.

திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். உச்சி வெயில். யக்ஞநாராயணன் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்மா, திற!"

"முடியாதுங்க சார். நான் இப்போ ஊழியர் இல்லை. ஆணையோட பின்பக்கம், மூணாவது பத்தி."

"யாராவது ஊழியரைக் கூப்பிடு!"

"இருந்ததே நாங்க ரெண்டு பேருதான் சார். ரெண்டு பேரையும் நிரந்தரம் ஆக்கிட்டீங்க."

"அட்டை எங்கே?"

"உங்களுக்குத்தான் போட்டிருக்கேன் சார். செவ்வாய்க்கிழமை கிடைச்சுடும்."

சுஹாஸ் ஃபோனை எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துத் திரும்ப வைத்தான். பிரதிபா படிவத்தைத் தலைக்கு மேல் பிடித்து நிழல் பார்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் கெம்பையன் மகளுக்கு ஜன்னலோரம் விட்டார். வண்டி கிளம்புமுன் கேட்டார். "வேலை போச்சா அம்மிணி?"

"போகலீங்கப்பா. இனிமேத்தான் வரோணுமாம்."

"அப்ப சின்னவ காலேஜு?"

"சேருவா. நான் மைசூர்ல வேற வேலை தேடிச் சேத்தறேன். ஊருக்கு வந்து உக்காரமாட்டேன். கூட்டிக்கிட்டுப் போய் நம்ம ஊர்லயே இறக்கினாலும் நாளைக்குக் காலைல திரும்பி வந்துருவேன், சொல்லிட்டேன்."

கெம்பையன் ஆணைக் காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பொய்யின்னு எழுதிக் கொடுத்தியே, அதுக்கா கைகொடுத்தாங்க அந்தம்மா?"

"ஆமாங்கப்பா."

"கெட்டிக்காரனுங்க. நீ இன்னும் கொஞ்ச நாளு இங்க இருந்திருந்தீன்னா உனக்கும் அந்த புத்தி வந்திருக்கும்," என்றார். "சின்னவளத் திங்கக்கிழமை நானே கொண்டாந்து விடறேன். ரூம்பைப் பெருக்கி வையி."

வண்டி நகர்ந்தது. கம்பி வேலிக்கு அப்பால் மூன்று பேரும் ஏணி மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மார்டள்ளி ஜனம் மரியாதை தெரிந்தது. ஐம்பத்துநாலு பேரும் திரும்பக் கையை ஆட்டினார்கள். ராமக்காள் முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"அவியெல்லாம் என்னத்துக்குக் கண்ணு இந்த வெயில்ல அங்கியே நிக்கறாங்க?"

"விமானத்துக்கு நிக்கறாங்கத்தை."

"எப்ப வருமாம்?"

"வரும்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்று சொல்லி மோகனப்ரியா ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.